கால் கனம்

“வண்டில ஒண்ணுமில்ல சார். தங்கச்சிக்குக் கால் கொஞ்சம் கனம். அவ்வளவுதான்.”

கேள்வி கேட்டது அவள். ஓடிக்கொண்டிருக்கிற கார் நட்டநடுப் பாலத்தில் ஏன் அணைந்துபோகிறது என்று வாயைத் திறந்து கேட்டது அவள். பதில் மட்டும் அவளைத் தாண்டிப் போய், பின்னால் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்த அண்ணனிடம் சேர்ந்தது. நடுவில் ஒருத்தி நிற்கிறாளே என்ற நினைப்புகூட இல்லை.

பதில் சொன்னவர் அந்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளி. புரொபசர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பழைய கார் எது வந்தாலும் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பாடம் நடத்துவார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் தேதி, கோளாறு, காரணம் என்று மூன்று கட்டங்கள். அன்றைக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பேனாவை ஒரு உதறு உதறி, காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். ‘டிரைவர்.’ எழுதியதோடு விட்டாரா? அடியில் ஒரு கோடு வேறு போட்டார்.

அவளுக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. ஆகாதா பின்னே? அவள் தொழிலே டிரைவர்தான். பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பின்சீட்டில் தூங்குகிற குழந்தை, பஸ் நிற்கும்போது கண் விழிக்கக் கூடாது. அப்படி பிரேக் போடுகிற கால் அவளுடையது. ஒருநாள்கூட அவள் ஹார்ன் அடித்துப் பிள்ளைகள் கேட்டதில்லை. அதனாலேயே அந்த வாண்டுகள் அவளுக்கு ‘ஹார்னக்கா’ என்று பெயர் வைத்துவிட்டன. பள்ளிக்கூட வாட்ச்மேனிலிருந்து சொந்த அம்மா வரை இப்போது எல்லோருக்கும் அவள் ஹார்னக்காதான். அந்தக் காலைப் பார்த்துக் கனம் என்கிறார் இந்த மனிதர்!

“நான் தொழிலுக்கு வண்டி ஓட்டறவங்க” என்றாள்.

“பஸ் வேற, இது வேறம்மா. பஸ்ஸை மிதிக்கிற மாதிரி இதை மிதிச்சா மூச்சு முட்டி நிக்கத்தான் செய்யும். இதைக் குழந்தை மாதிரிப் பாத்துக்கணும். சார் ஓட்டும்போது ஒரு தடவையாவது நின்னிருக்கா? நீங்களே சொல்லுங்க சார்.”

“ஒரு தடவைகூட இல்ல” என்றான் அண்ணன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதுதான் வயிற்றெரிச்சல். உண்மையாகவே அவன் ஓட்டும்போது நின்றதில்லை.

கார் அவர்களுடைய அப்பா விட்டுப்போனது. இளமஞ்சள் நிறம். முன்சீட் ஒரே நீளமாகப் பெஞ்சு மாதிரி இருக்கும்; கதவைத் திறந்தால் பீரோவைத் திறந்தாற்போல் அகலம். அண்ணனுக்கும் தங்கைக்கும் பொது என்று எழுதிவைத்துவிட்டு அப்பா போய்விட்டார். அம்மா வீட்டு ஷெட்டில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எடுத்துக்கொண்டு போய் நண்பர்களுக்குக் காட்டிவிட்டு வருவான். வியாழக்கிழமை அவள் முறை. காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் அம்மாவை ஏற்றிக்கொண்டு பிசியோதெரபிக்குப் போவாள்.

அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்து ஏழு மாதம். குனிந்து உட்காரக் கூடாது. இந்தக் காலத்துக் கார் ஒன்றிலும் அவளால் ஏற முடியாது. அண்ணனுடைய புதுக் காரில் ஒருமுறை முயன்றுபார்த்து, “குழிக்குள்ள இறக்கற மாதிரி இருக்குடி, எடுங்கடி என்னை” என்று அலறிவிட்டாள். டாக்சியிலும் அதே கதை. அப்பாவின் கார் மட்டும்தான் நாற்காலியில் உட்காருகிற உயரம். நின்றபடி திரும்பி, பின்பக்கமாக உட்கார்ந்து, காலை எடுத்து உள்ளே வைத்தால் வேலை முடிந்தது. ஆக, அந்தக் கார் ஓடினால்தான் அம்மாவின் கால் ஓடும். இது அண்ணனுக்குத் தெரியாததல்ல.

நான்கு மாதத்துக்கு முன்னால்தான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. புறப்பட்டு இருபது, இருபத்தைந்து நிமிஷம் தேர்போலப் போகும். திடீரென்று இரண்டு இழுப்பு இழுக்கும், ஒரு தும்மல் தும்மும், நின்றுவிடும். என்ன திருகினாலும் அசையாது. கால் மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். புரொபசரிடம் முதல் தடவை போனபோது ப்ளக்கை மாற்றினார். அடுத்த தடவை ப்ளக்குக்கு நெருப்பு அனுப்புகிற காயிலை மாற்றினார். மூன்றாவது தடவை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். நான்காவது தடவை, “வெயில் சார். பெட்ரோல் பைப்லயே ஆவியாயிடுது” என்று பம்ப்பைச் சுற்றி ஈரத்துணி கட்டினார். ஒவ்வொரு முறையும் தானே ஏறி உட்கார்ந்து கடைவீதியை ஒரு வட்டம் அடித்துவிட்டுப் பத்தாவது நிமிஷம் வந்து இறங்கி, “ஜம்முனு இருக்கு” என்பார். இருபதாவது நிமிஷத்தில் நிற்கிற வண்டி பத்தாவது நிமிஷத்தில் ஜம்மென்று இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

இதைச் சொல்லத்தான் அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். பஸ்ஸுக்கு எழுதுகிற பழக்கம். எத்தனை மணிக்குக் கிளம்பினாள், எந்த இடத்தில் நின்றது, எத்தனையாவது நிமிஷம், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு நேரம் கழித்து உயிர் வந்தது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். போகும்போதெல்லாம் அதை நீட்டினாள். “வைங்கம்மா, பாக்கறேன்” என்பார் புரொபசர். மூன்றாவது தடவை நிஜமாகவே கையில் வாங்கினார். வாங்கி, மேசைமேல் வைத்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். நோட்டின் மேலட்டையில் வட்டமாகக் கறை விழுந்தது. கிளம்பும்போது அவளே போய் எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாவது தடவை பாலத்தின்மேல் நின்றது. உள்ளே அம்மா. பின்னால் வரிசையாக வண்டிகள்; ஒவ்வொருத்தனும் ஹார்ன்மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டான். ஒருவன் இறங்கி வந்து, “ஓட்டத் தெரியலைன்னா எதுக்கும்மா எடுத்துட்டு வர்றீங்க?” என்று அவளைப் பார்த்துக் கேட்டான். அவளைப் பார்த்து! அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவனுக்குக் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. அதற்கு அடுத்த நாள்தான் புரொபசர் ‘டிரைவர்’ என்று எழுதினார். அன்றைக்கே அண்ணன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

“இனிமே இதை நீ தொட வேணாம். அம்மாவை நடுப்பாலத்துல நிறுத்தி வெச்சிருக்க.”

“நானா நிறுத்தினேன்? அதுவா நின்னுச்சுண்ணா.”

“எனக்கு மட்டும் ஏன் நிக்கல? சொல்லு. அவர் முப்பது வருஷமா இந்த வண்டிங்களோடவே கிடக்கறவர். அவரே சொல்லிட்டாரு.”

“சரி, அப்ப வியாழக்கிழமை நீ கூட்டிட்டுப் போ.”

“வியாழக்கிழமை எனக்கு மீட்டிங்.”

கேட்டீர்களா நியாயத்தை? இவள் ஓட்டக் கூடாது; அவனுக்கு நேரமில்லை. இப்படியே இரண்டு வியாழக்கிழமை போயிற்று. புரொபசருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பதில் அவளுக்குத் தோன்றியதுகூட மறுநாள் காலை பஸ் ஓட்டும்போதுதான். எனக்குக் கால் கனம் என்றால் உமக்குத் தலைக்கனம். வாய்விட்டுச் சொல்லியிருப்பாள் போல, முன்சீட்டுப் பையன், “யாருக்குக்கா தலைக்கனம்?” என்று கேட்டான். இருக்கட்டும், வீணாகாது என்று அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வியாழக்கிழமை காலை டிரிப்பை முடித்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போனபோது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டி, தலைவாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா கிளம்பிட்ட?”

“எங்கயும் இல்ல. வியாழக்கிழமையாச்சேன்னு கட்டிக்கிட்டேன்.”

 அவள் டீ போடப் போனாள். சர்க்கரை டப்பா திறந்து கிடந்தது. எறும்பு சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தது.

“அண்ணன் வந்துச்சா?”

“கார்த்தால வந்துட்டுப் போனான். ஏன், டப்பா திறந்து கிடக்கா? அவன் என்னிக்கு எதை மூடியிருக்கான்? குழாயை மூட மாட்டான், கதவை மூட மாட்டான். டப்பா மேல மூடியை வெச்சாலே மூடிட்டதா நினைப்பு.” சொல்லிக்கொண்டே அம்மா தலையணை உறைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து நீட்டினாள். “இந்தா. உங்கப்பாவோட சாவி. அவனுக்குத் தெரியாது.”

அவள் கை நீண்டது. பாதியில் நின்றது.

“எடுத்துட்டுப் போய் எங்கயாவது நின்னா, மறுபடி என் கால் மேலதான்மா பழி.”

“அப்ப ஓட்டாத. நிறுத்திவெச்சே ஓட விடு. எங்க நிக்குதுன்னு பாப்போம்.”

நாலு மாதமாக அம்மா சொன்னதிலேயே, ஏன், யார் சொன்னதிலேயும் உருப்படியான பேச்சு அதுதான். ஷெட் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து வாசலில் உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் சமையலறைக் கடிகாரத்தைக் கொடுத்தாள். வழக்கம்போல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். அது அவளுக்கு மூச்சுவிடுகிற மாதிரி. எந்த வண்டியானாலும் ஏறுமுன் ஒரு சுற்று. டயரைத் தட்டிப் பார்த்தாள், விளக்கைத் துடைத்தாள், பின்பக்கம் போய்ப் பெட்ரோல் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எடுத்திருக்கிறான். மூடி சும்மா ஒப்புக்கு உட்கார்ந்திருந்தது. நாலைந்து மாதத்துக்கு முன் அவன் வாங்கிப்போட்ட புது மூடி, பளபளவென்று முகம் தெரியும். ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை திருகினாள்.

என்ஜினைக் கிளப்பி, மிதிக்காமலே ஓடும்படி சோக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, கீழே இறங்கிவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு காருக்கு எதிரே நின்றாள். இரண்டு காலும் சிமெண்டுத் தரையில். பெடலுக்கும் அவளுக்கும் பத்தடி தூரம்.

“அஞ்சு நிமிஷம்” என்றாள் அம்மா. “பதினஞ்சு.” “அரை மணி ஆச்சுடி, எனக்குத் தூக்கம் வருது.” நாற்பத்தோராவது நிமிஷத்தில் என்ஜின் இரண்டு இழுப்பு இழுத்தது, ஒரு தும்மல் தும்மியது, நின்றது.

“பாத்தியாம்மா! என் ரெண்டு காலும் எங்க இருக்கு? பாத்தியா?”

“பாத்தேன்டி, பாத்தேன். கத்தாத.”

அவள் பானட்டைத் தூக்கினாள். ஒரு ப்ளக்கின் ஒயரைக் கழற்றிப் பார்த்தாள். நெருப்பு நன்றாகவே விழுந்தது. பம்ப்பில் தண்ணீர்க் குவளை மாதிரி ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். டேங்கிலிருந்து வருகிற பெட்ரோல் அதில் நிறைந்துதான் மேலே போக வேண்டும். அது காலி. துளிகூட இல்லை. ஆனால் டேங்க் நிறைய இருந்தது. கிளப்பும்போதே முள்ளைப் பார்த்திருந்தாள். நிறைந்த டேங்க், காய்ந்த கிண்ணம். நடுவில் எவன் தடுக்கிறான்? டேங்கையே பார்த்துவிடலாம் என்று பின்னால் போய் மூடியைத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ்ஸ்.

“யாருடி அங்க பெருமூச்சு விடறது?” என்றாள் அம்மா.

டேங்க்தான். காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் அப்படியே நின்றாள். பிறகு ஓடிப்போய் ஸ்டார்ட்டரைத் திருகினாள். கண்ணாடிக் கிண்ணம் குபுகுபுவென்று நிறைந்தது, என்ஜின் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் காத்திருக்கவில்லை, கும்பிடவில்லை, ஒன்றுமில்லை. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு ஊசித்துளைகூட இல்லை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வேண்டும். போக வழியில்லை. டேங்க் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்ரோலை விடமாட்டேன் என்கிறது.

“பழைய மூடில ஓட்டை இருக்குமே” என்றாள் அம்மா சாவகாசமாக.

“என்னது?”

“ஓட்டை. நடுவுல. அதனாலதானே உங்கண்ணன், ஓட்டை மூடி, பெட்ரோல் வாசனை வெளிய வருதுன்னு குப்பைல போட்டான். நல்ல பித்தளையாச்சேன்னு நான் எடுத்து வெச்சேன். ஜன்னல்ல இருக்கே, பட்டன் போட்டு வெச்சிருக்கேனே, அதான்.”

நாலு மாதமாக அந்த ஜன்னலைத் தினமும் பார்த்திருக்கிறாள்! பட்டன்களைக் கொட்டிவிட்டு மூடியை வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் ஒரு துளை, சுத்தமாக, காற்றுப் போவதற்கென்றே வைத்த துளை. அண்ணன் கடைக்காரனிடம் ஓட்டை இல்லாத மூடியாகக் கேட்டு வாங்கியிருக்கிறான். வாங்கியதை அவன் என்றைக்கும் ஒழுங்காக மூடவில்லை. அதனால் அவனுக்கு வண்டி ஓடியது. அவள் ஒவ்வொரு வியாழனும் பொறுப்பாக, ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை மூடினாள். அதனால் அவளுக்கு நின்றது. டேங்கை நிரப்பியே வைத்திருந்தாள்; உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் இன்னும் சீக்கிரம் நின்றது. பொறுப்பாக இருந்தவளுக்குக் கெட்ட பேர், பொறுப்பில்லாதவனுக்கு நல்ல டிரைவர் என்று சர்ட்டிஃபிகேட். இந்த அநியாயத்தை நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கடைசியில் ஆத்திரம்தான் நின்றது.

“பழைய மூடியைப் போட்டுட்டுக் கிளம்புடி. நேரமிருக்கு, போயிட்டு வந்துடலாம்” என்றாள் அம்மா.

“வேணாம்மா.”

“என்னடி வேணாம்?”

“இப்ப மாத்திட்டா, தானா சரியாயிடுச்சுன்னுவாங்க. காயில் மாத்தினேனே, அதான் இப்ப வேலை செய்யுதுன்னு அந்த ஆளு நெஞ்சை நிமித்துவாரு. அந்த அட்டைல டிரைவர்னு எழுதினது அப்படியே இருக்கும். என்னால முடியாதும்மா. இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுத்துக்க.”

அம்மா கடிகாரத்தை அவளிடம் நீட்டினாள். “சரி. ஆனா அந்தக் கூத்தை நான் பாக்கணும். என்னை விட்டுட்டுப் போனீங்க, தெரியும் சேதி” என்றாள்.

அன்று மாலையே ஹார்னக்கா ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அண்ணனையும் அங்கே வரச் சொல்லியிருந்தாள். “அடுத்த வியாழக்கிழமை அண்ணன் ஓட்டட்டும். அம்மாவும் நானும் வர்றோம், நீங்களும் கூட வாங்க. பிசியோ வரைக்கும் நிக்காம போச்சுன்னா, ஆயுசுக்கும் அந்தச் சாவியைக் கேக்க மாட்டேன்” என்றாள். அண்ணன் மீட்டிங் என்று இழுத்தான். புரொபசர்தான், “வாங்க சார், ஒரு நாள்தானே, அவங்களுக்கும் புரியட்டும்” என்று பெரிய மனசு பண்ணினார்.

வியாழன் வந்தது. அண்ணன் ஸ்டியரிங்கில், பக்கத்தில் புரொபசர். பின்னால் அம்மா, மடியில் கைப்பை. ஹார்னக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“போதும் வா, நீ சுத்தறதுக்குள்ள விடிஞ்சுடும்” என்றான் அண்ணன்.

“இதோ வந்துட்டேண்ணா.” பளபளா மூடியை ‘க்ளிக்’ என்று திருகிவிட்டு வந்து ஏறினாள். “பாலம் வேணாம். எங்க ஸ்கூல் மைதானத்தைச் சுத்திப் போற ரோடு அகலமா இருக்கும், அப்படிப் போ.” என்ன கோபமிருந்தாலும் அம்மாவை வைத்துக்கொண்டு மறுபடி பாலத்தில் நிற்க அவளுக்கு மனசு வராது.

வழியெல்லாம் புரொபசர் பாடம் நடத்தினார். “பாத்தீங்களா, சார் கால் வைக்கறதே தெரியல. பூ மாதிரி. இதைத்தான்மா நான் சொன்னேன்.” அவள் மடியில் நோட்டைப் பிரித்து மணியைக் குறித்துக்கொண்டாள். இருபத்திரண்டாவது நிமிஷம், பள்ளிக்கூட மைதானச் சுவரோரம், பூப்போன்ற காலின் கீழ் கார் இரண்டு இழுப்பு இழுத்தது, ஒரு தும்மல் தும்மியது. அண்ணன் மிதித்தான். இன்னும் மிதித்தான். ஓரமாக உருண்டு போய் நின்றது.

ஹார்னக்கா நோட்டில் நிமிஷத்தைக் குறித்தாள்.

“கால் கனமாண்ணா?” என்றாள்.

“சும்மா இரு.” அண்ணன் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தான். கழுத்தெல்லாம் வியர்வை. புரொபசர் இறங்கிப்போய் பானட்டைத் தூக்கினார். “காயில் சூடாயிருக்கும்” என்று முனகினார்.

அவளும் இறங்கினாள். “காயிலை விடுங்க. அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்க. காலி. டேங்க் ஃபுல். இப்ப இங்க வாங்க. அண்ணா, நீயும் வா.” இரண்டு பேரையும் பின்பக்கம் நிற்கவைத்து மூடியைத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ்ஸ்.

புரொபசருக்கு அந்தச் சத்தம் போதும். முப்பது வருஷம் வீணாகவா போகும்? கண்ணாடியை மாட்டி மூடியை வாங்கிப் பார்த்தார், முகம் சுண்டிவிட்டது. “இது யார் போட்டது? இந்த வண்டிக்கு ஓட்டை உள்ள மூடில்ல போடணும்?”

“பழசுல ஓட்டை இருந்துச்சு, அதான் நான்...” என்று ஆரம்பித்த அண்ணன் பாதியில் நிறுத்தினான்.

கார் ஜன்னல் வழியாக அம்மாவின் கை பித்தளை மூடியோடு வெளியே நீண்டது. “இந்தாடா. டேங்குக்கு ஓட்டைதான்டா வேணும். மூடி வேண்டியது உன் வாய்க்கு.”

புரொபசர் தொண்டையைச் செருமினார். “நிமிஷக் கணக்கெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களே மேடம். இதை முன்னாடியே காட்டியிருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பேன்.”

மேடமாம்! அவளுக்கு வந்த கோபத்தில் நோட்டை மூடி அதன் மேலட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இது என்ன கறை? சொல்லுங்க. உங்க டீ கிளாஸ். அஞ்சு தடவை நீட்டினேன். ஒரு தடவை பிரிச்சீங்களா? நான் கேக்கறேன், நீங்க அண்ணனுக்குப் பதில் சொல்றீங்க. எனக்குக் கால் கனம்னு சொன்னீங்களே, உங்களுக்குத் தலைக்கனம். அதை எந்தக் கட்டத்துல எழுதறது? அட்டையைக் கொண்டுவந்திருப்பீங்களே, எடுங்க.”

சட்டைப் பையில்தான் வைத்திருந்தார். அவள் தோற்றதும் எழுதலாம் என்றிருந்தார் போல. பானட்டின்மேல் வைத்து ‘டிரைவர்’ என்பதை அடித்தார், ‘மூடி’ என்று எழுதினார். “கோடு” என்றாள் அவள். அடியில் கோடும் போட்டார்.

“சரி, கிடைச்சிடுச்சுல்ல. விடு” என்றான் அண்ணன்.

“எப்படிண்ணா விடறது? மூணு வியாழக்கிழமை அம்மா புடவை கட்டிக்கிட்டு ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. நீ ஒரு தடவை, என்னதான் ஆகுதுன்னு எங்கூட வந்து உக்காந்து பாத்திருந்தா போதும். சாவியைக் குடு.”

கொடுத்தான். அவள் பழைய மூடியைப் போட்டு இறுகத் திருகினாள். அண்ணன் பின்சீட்டில் ஏறினான். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. அவளே சுற்றிப்போய்ச் சாத்திவிட்டு வந்து ஓட்டினாள். பிசியோ வரை கார் ஒரு தும்மல் போடவில்லை. புரொபசர் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிசியோதெரபி அறையில் அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, பயிற்சி கொடுக்கிற பெண் பதிவேட்டைப் புரட்டினாள். “ஒரு மாசமா வரவே இல்லையே. ஏன்?”

“வண்டி கோளாறு” என்றான் அண்ணன்.

“வண்டி நல்லாதான் இருந்துச்சும்மா” என்றாள் அம்மா, மகனைப் பார்த்துக்கொண்டே. “டிரைவர் கோளாறு.”

ஹார்னக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணும் என்னவென்று புரியாமலே சிரித்தாள். பிறகு அம்மாவின் வலது காலுக்கு நேராகத் தன் உள்ளங்கையைப் பிடித்து, “எங்க, பழையபடி என் கை வரைக்கும் தூக்குங்க பாப்போம்” என்றாள். ஒரு மாதத்துக்கு முன் அம்மா அந்தக் கையைத் தாண்டித் தூக்கிக் காட்டி, இன்னும் மேலே வை என்று சவால் விட்டிருக்கிறாள்.

அம்மா பல்லைக் கடித்தாள். கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். பாதம் தரையிலிருந்து நாலு விரல் எழும்பியது, நடுங்கியது, தொப்பென்று விழுந்தது.

“வரலம்மா” என்றாள். “கால் கனமா இருக்கு.”

அண்ணன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. ஹார்னக்கா கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் குதிகாலுக்கு அடியில் தன் கையைக் கொடுத்து, “தூக்கு. ஒண்ணு” என்று எண்ண ஆரம்பித்தாள்.